ஏரிக்கரைத் தெருவின் முப்பத்தொரு வீடுகள்

அத்தியாயம் 17

'தேவயானியை விசாரணைக்குக் கிளம்பச் சொல்லிவிட்டு ஒரு வாரமாக வாசலிலேயே நிற்க வைத்துவிட்டீர்களே, அவளுக்குக் கால் வலிக்காதா' என்று மதுராந்தகத்திலிருந்து ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். வலிக்கும் அம்மா. எனக்கும் வலித்தது. இதோ, உள்ளே கூப்பிட்டுவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வார்த்தை. உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் தாண்டிப் போனால் மணலேரிப்பாக்கம் பேரூராட்சி. அங்கே தேவயானி பில் கலெக்டர். வீடு வீடாகப் போய் வீட்டு வரியும் தண்ணீர் வரியும் வாங்கி ரசீது போடுகிற வேலை. அவள் அப்பா முனியன் அதே பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவராக இருந்து பணியிலேயே இறந்துபோனார். அந்த வாரிசு வேலைதான் இது. பரம்பரையாக அடுத்தவர் கழனியில் கூலிக்கு இறங்கிய குடும்பத்தில் முதல் மாதச் சம்பளம் முனியனுடையது, இரண்டாவது தேவயானியுடையது.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி அவள் ஏரிக்கரைத் தெருவில் முப்பத்தாறு வீட்டுக்கு ரசீது போட்டாள். ஐந்து வீட்டுப் பணம் அன்றே அலுவலகத்தில் கட்டப்பட்டது. மீதி முப்பத்தொரு வீட்டுப் பணம், முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய், ஏப்ரல் ஒன்றாம் தேதிதான் வந்து சேர்ந்தது.

ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனாலும் வசூல் பணத்தை உடனே கட்டாமல் கையில் வைத்திருந்தால் அதற்குத் தற்காலிகக் கையாடல் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு விதி. அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய் எவ்வளவோ காலம் ஆயிற்று. அவன் போட்ட விதி மட்டும் ரிடையர் ஆகாமல் வேலை பார்க்கிறது. தணிக்கைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள், தேவயானி சஸ்பெண்ட் ஆனாள்.

'நான் பணம் வாங்காமலே ரசீது போட்டேன், இரண்டு நாள் கழித்துத்தான் பணம் கைக்கு வந்தது' என்பது அவள் கட்சி. தணிக்கைக்காரர்கள் தெருவில் போய்க் கேட்டார்கள். முப்பத்தொரு வீடும் ஒரே குரலில், ரசீதில் போட்ட தேதியில்தான் பணம் கொடுத்தோம் என்று சொல்லிவிட்டது. உண்மையைச் சொன்னால் ரசீது செல்லாது என்று மறுபடி வரி கேட்பார்களோ என்று பயம். அந்தப் பயத்தில் ஒரு பெண்ணின் வேலை போவது அவர்களுக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் ஓடிவிட்டது. இன்று பத்தரை மணிக்கு விசாரணை.

தேவயானி தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே நாஷ்டா தட்டு. இரண்டு இட்டிலியும் வைத்தபடி இருந்தன.

"சாப்புடும்மா. அங்க போயி மயக்கம் போட்டு வுய்ந்தா அதுக்கும் மெமோ குடுப்பாங்க" என்றாள் மகள் நிஷா.

நிஷா பி.காம். இரண்டாம் வருடம். விசாரணைக்காகத் தந்த நகல்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, பச்சைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக அந்தத் தாள்களோடுதான் குடித்தனம்.

வெளியே கோபால் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். தேவயானியின் கணவன். நேற்றே பளபளவென்று இருந்த கண்ணாடியை இன்றும் துடைத்தான். இந்த மூன்று மாதத்தில் அந்த வண்டி சுத்தமானது போல் மணலேரிப்பாக்கத்தில் எதுவும் சுத்தமாகவில்லை. மனுஷன் வாயைத் திறந்து பேசுவதுதான் குறைந்துபோயிற்று.

"எம்மா, ஜெராக்ஸ் கடைக்கு நூத்தி இருவது ரூபா தரணும். பர்ஸ்லேர்ந்து எடுத்துக்கவா?"

"இன்னிக்கு இன்னா கெயம? வெள்ளிக்கெயம காலைல துட்ட வெளிய எட்த்துக்கினு போவாதடி. நாளைக்குக் குடு. கடைக்காரன் ஒண்ணும் ஓடிப் போயிட மாட்டான்."

நிஷா பர்ஸின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு போனை எடுத்து எதையோ தேடினாள்.

"ம்மா. மார்ச் இருவத்தெட்டு இன்னா கெயமன்னு தெரியுமா?"

"தெரியாம இன்னா. வெள்ளிக்கெயம."

"அதாலதான் தெருவுல துட்டு குடுக்கலியா?"

"பின்ன? பில்ல போட்டுட்டுப் போ, சனிக்கெயம கூலி வாங்கி ஞாயித்துக்கெயம குடுக்கறோம்னாங்க. குட்த்தாங்க. திங்கக்கெயம ரம்ஜான் லீவு. செவ்வாக்கெயம காலைல மொத ஆளா நின்னு கட்டினேன். எத்தினி வாட்டி சொல்றது?"

"வெள்ளிக்கெயமன்னு எங்கம்மா சொன்ன? நீ எழுதிக் குட்த்த வாக்குமூலம் இதோ கீது. 'பொதுமக்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க'ன்னு எழுதி வெச்சிருக்க. வெள்ளின்ற வார்த்தையே இல்ல."

தேவயானி மகளைப் பார்த்தாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை.

"அத்த எதுக்குடி எழுதணும்? அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

இதுதான் நடந்தது. எனக்கும் கோபம்தான் வந்தது, என்ன செய்வது. தினமும் பார்க்கிற விஷயத்தை யார் கையெழுத்துப் போட்டு எழுதித் தருகிறார்கள்? தெருவே வெள்ளிக்கிழமை காசை வெளியே விடாது. அதைப் போய் மனுவில் எழுதுவதா என்று விட்டுவிட்டாள். அலுவலகத் தமிழில் எழுத வேண்டும் என்று எழுத்தர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே இறக்கியிருந்தாள்.

நிஷா பதிவேட்டு நகலை எடுத்து அம்மா மடியில் போட்டாள். ஐந்து பெயரைப் பச்சைப் பேனாவால் சுழித்தாள்.

"அன்னிக்கே கட்டின அஞ்சு பேரப் படி."

"அப்துல் கனி, வஹாப், இர்பானா, ஜான், ஆல்பர்ட்."

"மூணு பாய் வூடு. ரெண்டு பேரு சர்ச்சுக்குப் போறவங்க. மீதி முப்பத்தோரு பேரயும் படி. அம்முலு, செல்லாயி, எல்லாம் வெள்ளிக்கெயம வெளக்கு ஏத்தறவங்க. நீ துட்ட அமுக்கணும்னு நெனச்சிருந்தா எவன் எந்தச் சாமி கும்புடறான்னு பாத்தா அமுக்கியிருப்ப?"

வாசலில் தண்ணீர் வாளி கவிழ்ந்தது. கோபால் துணியும் கையுமாக நிலைப்படியில் நின்றிருந்தான். அவன் எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று தெரியவில்லை. முகம் வெளுத்திருந்தது. சந்தோஷத்தில் வெளுத்த முகமாக அது இல்லை.

"கெளம்பு. டைம் ஆவுது" என்று மட்டும் சொன்னான்.

விசாரணை அதிகாரி ஆண்டாளம்மாள் மாவட்டத் தலைநகரிலிருந்து வந்திருந்தார். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். யார் பேசினாலும் முழுவதும் கேட்பார். கேட்டு முடிக்கும் வரை முகத்தில் எதுவும் தெரியாது. அவருக்குப் பக்கத்தில் ஈ.ஓ. என்கிற செயல் அலுவலர் ராஜாராம். மார்ச் மாதம் முழுவதும், நூறு சதவீதம், நூறு சதவீதம் என்று ஊழியர்களைத் துளைத்தெடுத்தவர் அவர்தான்.

"காசு வாங்காம ஏன் ரசீது போட்டீங்க?" என்று கேட்டார் ஆண்டாளம்மாள்.

"சாயங்காலத்துக்குள்ள நூறு சதவீதம் காட்டணும்னு ஈ.ஓ. சார் போன் மேல போன் போட்டாரு மேடம். பில் போட்டாத்தான் கணக்குல வரும்னாரு."

"வசூல் பண்ணச் சொன்னேன் மேடம். வசூலிக்காமலே ரசீது போடச் சொல்லலை" என்றார் ராஜாராம், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

நிஷா பச்சையில் சுழித்த தாளைத் தேவயானி மேசையில் வைத்தாள். மகள் சொன்னதை அப்படியே சொன்னாள். நடுவில் ஒரு முறை தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

ராஜாராம் சிரித்தார். "மாட்டிக்கிட்ட பிறகு மகாலட்சுமியைத் துணைக்குக் கூப்பிடறாங்க மேடம்."

ஆண்டாளம்மாள் சிரிக்கவில்லை. பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார்.

"இந்த அஞ்சு பேர்ல யாராவது பக்கத்துல இருக்காங்களா?"

எதிரே மளிகைக் கடை அப்துல் கனி இருந்தார். ஆள் அனுப்பியதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"ஆமாங்க மேடம், நான் அன்னிக்கே கட்டிட்டேன். ஜும்மாவுக்குக் கெளம்பற டைம்ல வந்துச்சு இந்தப் பொண்ணு. கல்லாலேர்ந்து எட்த்துக் குட்த்துட்டேன்."

"மத்தவங்க குடுக்கலையா?"

"மத்தவங்க எப்பிடிக் குடுப்பாங்க? இருவது வருசமா கடை வெச்சிருக்கேன். எங்கிட்ட கடன் வாங்கினவங்க ஒருத்தரும் வெள்ளிக்கெயம பாக்கி தீத்தது இல்ல. கேட்டா பேஜாருதான். நானும் கேக்கறது இல்ல. அவங்க அவங்க நம்பிக்க. அதனால எனக்கு ஒண்ணும் நட்டம் வந்தது இல்ல, சனிக்கெயம கரீட்டா குட்த்துருவாங்க."

"இதைத் தணிக்கைக்காரங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"அவங்க எங்கிட்ட கேக்கலியே. எங்காசுதான் ஒயுங்கா வந்துருச்சே."

ஆண்டாளம்மாள் பேனாவை மூடினார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இன்னிக்கும் வெள்ளிக்கிழமைதானே. வாங்க, தெருவுக்குப் போய்ட்டு வருவோம். நீங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தேவயானி, நீங்க இங்கயே இருங்க."

ஏரிக்கரைத் தெருவில் முதல் வீடு செல்லாயியுடையது. நாற்று நடவுக்குப் போகாத நாள். வாசலில் முறத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன நடந்தது என்பதைக் கூடப் போன அப்துல் கனி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். நானும் அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"செல்லாயிதானே? இந்த அரையாண்டுத் தண்ணி வரி பாக்கி இருக்கு. இப்ப கட்டிடுறீங்களா?"

செல்லாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு மேடம் நீங்க, புதுசா கீறீங்க. வெள்ளிக்கெயமயும் அதுவுமா வந்து துட்டு கேக்கறீங்களே. இப்பதான் வெளக்கேத்தினேன். வூட்ல கீற லச்சுமிய நானே வெளிய அனுப்பறதா? பில்ல போட்டு வெச்சிட்டுப் போங்க, நாளைக்குக் குடுக்கறேன்."

"பணம் வாங்காம பில் எப்படிம்மா போடறது?"

"இன்னா மேடம் இது. போன தபா எங்க தேவயானி போட்டுட்டுப் போகல? ஞாயித்துக்கெயம வந்து வாங்கிக்கினாளே."

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் நின்ற ஈ.ஓ.வைப் பார்த்தாள். கை வாய்க்குப் போயிற்று. மல்லாட்டை முறம் சரிந்து வாசலெல்லாம் சிதறியது.

ஆண்டாளம்மாள் குனிந்து இரண்டு மல்லாட்டையைப் பொறுக்கி முறத்தில் போட்டார்.

"பயப்படாதீங்க. கட்டின வரியை யாரும் மறுபடி கேக்க மாட்டாங்க. ரசீது செல்லும், நான் எழுதித் தரேன். ஆனா நீங்க மறைச்சதால ஒரு பொண்ணு மூணு மாசமா வேலையில்லாம உட்கார்ந்திருக்கா."

செல்லாயி அழுதுவிட்டாள். "அய்யோ, அவ வேல போவும்னு எங்களுக்கு யாரும் சொல்லல மேடம். ஆடிட்டுன்னாங்க. பில்லு செல்லுமா செல்லாதான்னுதான் எங்க கவல" என்றாள். அடுத்த நிமிடம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். ஒவ்வொரு வாசலிலும் அவள் குரல்தான் கேட்டது. வீட்டில் இருந்த இருபத்திரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டார்கள். கழனிக்குப் போனவர்களுக்குச் சாயங்காலம் ஆள் அனுப்புவதாகச் செல்லாயியே பொறுப்பு ஏற்றுக்கொண்டாள்.

இதெல்லாம் தெரியாமல் தேவயானி அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்த முக்கால் மணி நேரம் அவளுக்கு மூன்று மாதத்தைவிட நீளம்.

ஆண்டாளம்மாள் வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்தார்.

"கையாடல் இல்லைன்னு என் அறிக்கையில எழுதறேன். பணம் உங்க கைக்கு வந்ததே ஞாயித்துக்கிழமைதான். மறுநாள் லீவு. அடுத்த நாள் கட்டிட்டீங்க. வேலைக்குத் திரும்ப எடுத்துக்கச் சொல்லி எழுதறேன்."

தேவயானிக்குக் காதில் விழுந்தது. மேசையில் இருந்த பச்சைச் சுழிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினாள்.

"ஆனா காசு வாங்காம ரசீது போட்டது தப்பு. ஒரு இன்கிரிமெண்ட் போகும். அதுக்கு என்கிட்ட கெஞ்சக் கூடாது."

"போவட்டும் மேடம்" என்றாள் தேவயானி. "ரெண்டு கூட போவட்டும்."

அப்போதுதான் ஆண்டாளம்மாள் முதல் முறையாகச் சிரித்தார். "காலைல எங்க வீட்டுப் பால்காரன் வந்து நின்னான். இன்னிக்கு வெள்ளிக்கிழமைப்பா, நாளைக்கு வான்னு நானே சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். உங்க ஃபைலை மூணு தடவை படிச்சும் எனக்கு இது தோணலை பாருங்க."

பிறகு ராஜாராம் பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டது.

"நூறு சதவீதம்னு போன் பண்ணினது யார், என்ன சொன்னீங்க, எல்லாம் எழுத்துல வேணும். திங்கக்கிழமை காலையில என் மேசையில இருக்கணும்."

அப்துல் கனி கடை வாசலில் அரை மணி நேரம் திருவிழாதான். பன்னீர் சோடா உடைத்தார்கள். வெளியே காத்திருந்த நிஷா அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தேவயானிக்குத் திடீரென்று பசித்தது. காலையில் தொடாத இட்டிலிக்கும் சேர்த்து மூன்று பன் தின்றாள். நின்றுகொண்டே, வழிப்போக்கர் எல்லோரும் பார்க்கத் தின்றாள். மூன்று மாதமாக அந்தச் சாலையில் தலையைக் குனிந்துகொண்டு போனவள் இன்று போகிற வருகிற எல்லோரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

பர்ஸைத் திறந்தபோது அப்துல் கனி கையை ஆட்டினார்.

"உள்ள வைம்மா. வெள்ளிக்கெயம உங்கிட்ட துட்டு வாங்கினேன்னு தெரிஞ்சா அந்த மேடம் என்ன சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. நாளைக்குக் குடு." ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் தொழுகைக்குக் கிளம்பினார்.

நிஷா மதிய வகுப்புக்கு பஸ் ஏறினாள். தேவயானி ஆட்டோவில் உட்கார்ந்தாள். கோபால் பன்னும் தின்னவில்லை, சோடாவும் குடிக்கவில்லை. எல்லோரும் கைகொடுத்தபோது தானும் கைகொடுத்தான், அவ்வளவுதான்.

ஏரிக்கரை வளைவில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"இன்னா மாமா. அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே. சந்தோசமா இருக்க வேண்டிய நேரத்துல அயுவறியே."

தேவயானிக்கு அவன் அழுகை வித்தியாசமாகப் பட்டது. இறங்கி முன்பக்கம் வந்து நின்றாள்.

"மூணு மாசமா ஊரே வந்து கேட்டுச்சு, துட்ட எட்த்தியான்னு. நீ மட்டும் ஒரு வாட்டி கூட கேக்கல. எம்மேல அவ்ளோ நம்பிக்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"நம்பிக்க இல்ல தேவி." கோபால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயந்துக்கினு இருந்தேன். அந்த வாரம்தான் நிஷாவுக்குக் காலேஜ் பீஸு கட்டின."

"சீட்டு எட்த்துக் கட்டினேன்னு சொன்னேனே."

"சொன்ன. நான்தான் நம்பல."

ஏரியில் தண்ணீர் குறைந்து, கரையோரம் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தேவயானி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆண்டாளம்மாள் முன்னால் வராத அழுகை இப்போது வந்தது. ஊர் சந்தேகப்பட்டதை அவள் பொறுத்துக்கொண்டாள். இது வேறு.

"இன்னும் ஒண்ணு கீது" என்றான் கோபால். "போன வாரம் ஈ.ஓ. என்ன ஆபீசுக்கு இட்டுக்கினு போனாரு. குடும்பக் கஷ்டத்துக்கு எம்பொண்டாட்டி துட்ட எட்த்தா, மன்னிச்சுடுங்கன்னு ஒரு தாள்ல எழுதி வெச்சிருந்தாரு. கையெழுத்து போட்டா வேல போவாது, அவரு பாத்துக்கறேன்னாரு."

"போட்டியா?"

"போட்டேன்."

"தாளு எங்க கீது?"

"அவராண்டதான் கீது."

தேவயானிக்குக் கணக்கு உடனே புரிந்தது. திங்கட்கிழமை காலை ஆண்டாளம்மாள் மேசையில் ராஜாராமின் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலோடு எந்தத் தாள் போய்ச் சேரும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம்.

பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வந்தது கோபம், நல்ல முழுக் கோபம். காலையில் வெளியே கிளம்பிய தேவயானிக்கு இந்தக் கோபத்துக்குத் தெம்பு இருந்திருக்காது. இருபத்திரண்டு கையெழுத்தும் மூன்று பன்னும் உள்ளே போன தேவயானி வேறு ஆள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பின் சீட்டில் அல்ல, முன்னால், அவன் பக்கத்தில்.

"வண்டியத் திருப்பு. அந்த மேடம் பஸ் ஏறர்துக்குள்ள போவணும். நீ போட்ட கையெழுத்த நீயே அவங்காண்ட சொல்லு."

கோபால் சாவியைத் திருகினான். எஞ்சின் கிளம்பியது.

"இரு" என்றாள் தேவயானி. "மொதல்ல கேளு."

"இன்னா கேக்கறது?"

"மூணு மாசமா எத்த கேக்காம இருந்தியோ அத்த."

அவன் அவளைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தான். பிறகு, சிரமப்பட்டு, அவள் முகத்துக்குத் திரும்பினான்.

"அந்தத் துட்ட நீ எட்த்தியா, தேவி?"

"இல்ல மாமா" என்றாள் தேவயானி.

கோபால் தலையை ஆட்டினான். ஆட்டோ அலுவலகத்தைப் பார்த்துத் திரும்பியது.